ஏழு விரல்

வயிற்றுப் பிள்ளையின் இதயம் நிமிஷத்துக்கு 110 தொடக்கம் 160 தடவை துடிக்க வேண்டும். பினார்ட் குழலைத் தாயின் வயிற்றில் வைத்து, மறுநுனியில் காதை அழுத்தி, மணிக்கூட்டைப் பார்த்தபடி எண்ணி எண்ணியே இருபது வருஷம் போய்விட்டது எனக்கு. போன ஓகஸ்ட் முதல் கிழமை, திருகோணமலை ரவுணில் ஒரு மண்டபத்து மேடையோரம், சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு, அதே பழக்கதோஷத்தில் என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பார்த்தேன். அரை நிமிஷத்தில் 62. ஆக, 124.

வயிற்றுப் பிள்ளைக்கென்றால் 'சாதாரணம்' என்று பதிந்துவிட்டு அடுத்த தாயைக் கூப்பிட்டிருப்பேன். எனக்கு 45 வயது.

நான் குடும்பநல உத்தியோகத்தர். பதவிப் பெயர் இவ்வளவு நீளமாக இருந்தாலும் ஊரில் 'மிட்வைஃப் மிஸ்' என்றால்தான் தெரியும். கிளினிக் நாளில் முப்பது நாற்பது தாய்மாருக்கு முன்னால் நின்று, இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது என்பதிலிருந்து, பிள்ளைக்குக் கொடுத்த திரிபோஷா சத்துமாவை வீட்டில் எல்லாருமாகச் சாப்பிட்டு முடிக்கக் கூடாது என்பதுவரை தொண்டை கிழியச் சொல்லுகிறவள். ஒருநாளும் வாய் தடுமாறியதில்லை. அதே விஷயத்தைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில், மைக்குக்கு முன்னால் நின்று சொல்லச் சொன்னால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அன்றைக்கு நான் பேச வேண்டியிருந்தது ஒன்பது நிமிஷம். ஓகஸ்ட் 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம். வழமையாகப் பேசுகிற டொக்டருக்குக் கொழும்பில் கூட்டம். "நீங்களே பேசுங்கோ மிஸ், உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தெரியும்தான். தெரியாதது பேச்சல்ல, எழும்பி நிற்பது. அந்தக் கதை 1993இல் தொடங்குகிறது.

அப்போது நான் எட்டாம் ஆண்டு. தமிழ்த்தினப் போட்டி. பள்ளிக்கூட மட்டத்தில் பேச்சில் முதலாவதாக வந்து அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தேன். தலைப்பு 'எங்கள் திருமலை'. பேச்சை எழுதியது ரீச்சர். கொப்பியில் நாலு பக்கம். நீல மையில் வசனம், சிவப்பு மையில் கை. ஆம், கையையும் எழுதித் தந்திருந்தார். 'கோணேசர் வீற்றிருக்கும்' என்னும்போது இரண்டு கையும் தலைக்கு மேலே கூப்ப வேண்டும். 'ஆழத்தால் உலகப் புகழ்பெற்ற துறைமுகம்' என்னும்போது வலது கை இடமிருந்து வலமாக நீள வேண்டும். 'கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள்' என்னும்போது இடது கையில் ஐந்து விரல், வலது கையில் இரண்டு. அம்மாவுக்குச் சொல்லிக் காட்டினேன், அம்மம்மாவுக்குச் சொல்லிக் காட்டினேன், தேங்காய் திருவும்போது சொன்னேன், கிணற்றடியில் சொன்னேன். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன் என்று அம்மா பக்கத்து வீட்டில் பெருமையடித்தார்.

மேடையில் எனக்கு முன்னால் பேசியவன் நெடுவல். மைக்கை அவனுடைய உயரத்துக்கு விட்டுவிட்டுப் போயிருந்தான். அதைத் தணிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது, ஒருவரும் வந்து தணிக்கவும் இல்லை. குதிக்காலை உயர்த்திக்கொண்டு தொடங்கினேன். கோணேசர் சரியாக வந்தார். துறைமுகம் சரியாக வந்தது. அந்தப் பந்தியின் கடைசி வசனம் 'யார்தான் மறுப்பார்?' என்று முடியும். அதைச் சொல்லி, ரீச்சர் சொன்னபடி ஒரு மூச்சு விட்டு நின்றேன். முன்வரிசையில் நடுவர் ஒருவர் பேனை மூடியைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து தேடினார். அது உருண்டு கதிரைக் காலுக்குப் பின்னால் போனதை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. அவ்வளவுதான். அடுத்த வசனம் இல்லை. அடுத்த சொல்கூட இல்லை. தலைக்குள் சுண்ணாம்பு அடித்த சுவர்.

ஆனால் கை மறக்கவில்லை. நேரம் வந்ததும் தானாக எழும்பிவிட்டது. இடது கையில் ஐந்து, வலது கையில் இரண்டு. வாயில் ஒரு சொல்லும் இல்லாமல் ஏழு விரலைச் சபைக்குக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வீட்டில் பத்து நிமிஷம் என்று சொல்லி அழுதேன், பத்து விநாடியாகத்தான் இருந்திருக்கும். பிறகு இறங்கிவிட்டேன். திரும்பி வரும்போது ரீச்சர் திட்டவில்லை. பஸ் ஸ்ராண்டில் ஐஸ்பழம் ஒன்று வாங்கித் தந்தார். திட்டியிருந்தால் இவ்வளவு ஞாபகம் இருந்திருக்காது. பள்ளிக்கூடத்தில் ஏ.எல். முடிக்கும்வரை என் பெயர் 'வெந்நீர்'.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாருக்கும் காந்திதான் கிடைத்தார். பம்பாயில் முதல் வழக்குக்கு எழும்பி நின்று பேச வாய் வராமல், வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நீதிமன்றத்தை விட்டுப் போனார் அல்லவா, அந்தக் கதை. மாமா சொன்னார், வாத்தியார் சொன்னார், கலியாணத்துக்குப் பிறகு இவரும் சொன்னார். எனக்குத் திருப்பிக் கொடுக்க 30 ரூபாயும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் ஒளிவதுதான். அதில் நான் கெட்டிக்காரி. நன்றியுரை என்றால் தொண்டை கட்டிவிடும். வரவேற்புரை என்றால் வரவேற்பு மேசையில் சந்தனம் குங்குமம் வைக்க ஆள் இல்லை என்று அங்கே போய்விடுவேன். பயிற்சி வகுப்புகளில் வட்டமாக இருத்தி 'உங்களை அறிமுகப்படுத்துங்கள்' என்பார்களே, அதைப்போலக் கொடுமை இல்லை. என் முறைக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். பதினொன்று, பத்து, ஒன்பது. அந்தப் பதினொரு பேரில் ஒருவரின் பெயரும் காதில் விழாது. யாரும் கேட்டால் எனக்குக் கூச்ச சுபாவம் என்று சொல்லிக்கொள்வேன். கூச்ச சுபாவமும் இல்லை, ஒன்றும் இல்லை. தப்பிய ஒவ்வொரு முறையும் நெஞ்சில் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் வினை. தப்பினால் சுகம் என்று உடம்பு படித்துக்கொள்ளும், அடுத்தமுறை இன்னும் வேகமாகத் தப்பச் சொல்லும். எலிப்பொறித் தேங்காய்ச்சொட்டு மாதிரி.

எங்கள் தலைமுறைக்கு இன்னொன்றும் உண்டு. செக்பொயின்ற்றில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு, மற்றப்படி வாய் திறக்காதே என்று வளர்த்த பிள்ளைகள் நாங்கள். பிறகு திடீரென்று கணீரென்று பேசு என்றால் எங்கிருந்து வரும்? இதை ஒரு சாட்டாகச் சொல்லவில்லை. என்னோடு படித்தவர்களில் மேடையைக் கலக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

டொக்டர் கொழும்புக்குப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எனக்குப் பத்து நாள் இருந்தது. முதல் இரண்டு நாள் மருந்து யோசித்தேன். பிரப்பிரனலோல் என்றொரு குளிசை, இதயப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும். வாத்தியக்காரர்களும் பேச்சாளர்களும் மேடைக்கு முன்னால் போடுகிறார்கள் என்பது ஊரறிந்த இரகசியம். எனக்கு இழுப்பு, அதாவது ஆஸ்துமா, உண்டு. இழுப்புக்காரர் அந்தக் குளிசையைத் தொடக் கூடாது, மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். டொக்டரைக் கேளாமல் வேறு யாரும் தொடக் கூடாது என்பதையும் தொழில் தர்மத்துக்காகச் சொல்லி வைக்கிறேன்.

அடுத்து, பேச்சை முழுதாக எழுதிப் பாடமாக்கத் தொடங்கினேன். இரண்டாம் பந்தியில் கை தானாகத் தூக்கியது. கொப்பியை மூடிவிட்டேன்.

அன்று இரவு நித்திரை வராமல் போனில் துழாவிக்கொண்டிருந்தபோதுதான் கரப்பான்பூச்சி வந்தது. 1969இல் அமெரிக்காவில் ரொபர்ட் ஸயன்ஸ் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் செய்த பரிசோதனை. கரப்பானுக்கு வெளிச்சம் பிடிக்காது. ஆகவே ஒரு பக்கம் வெளிச்சம் போட்டு, ஓடிப்போய் ஒளிய இருட்டுப் பெட்டி ஒன்று வைத்தார்கள். ஒரு பாதை நேர்ப்பாதை. மற்றது வளைந்து திரும்பிப் போக வேண்டிய பாதை. இரண்டுக்கும் பக்கத்தில் கண்ணாடி போன்ற பெட்டிகளில் வேறு கரப்பான்களைப் பார்வையாளராக இருத்தினார்கள். சபை கூட்டினார்கள் என்று சொல்லலாம். சபைக்கு முன்னால் நேர்ப்பாதைக் கரப்பான்கள் தனியே ஓடுவதைவிட வேகமாக ஓடின. திரும்ப வேண்டிய பாதையில் ஓடியவை தனியே ஓடுவதைவிடத் தடுமாறின.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இவர் எழும்பி "என்ன?" என்றார். "கரப்பான்பூச்சிக்கும் மேடைப் பயம் இருக்காம்" என்றேன். "படு" என்றார்.

படுத்துக்கொண்டு யோசித்தேன். ஆள் பார்க்கும்போது, உடம்பில் ஊறின வேலை இன்னும் நன்றாக வரும், ஊறாதது இன்னும் மோசமாக வரும் என்றால், 1993இல் எனக்கு என்ன நடந்தது? நித்திரையில் எழுப்பினாலும் சொல்லக்கூடிய பேச்சல்லவா அது? அப்போதுதான் விளங்கியது, எனக்கு அந்தப் பேச்சுத் தெரிந்திருக்கவே இல்லை. முதல் வசனத்தில் ஏறி கடைசி வசனத்தில் இறங்கத்தான் தெரிந்திருந்தது. நிலாவெளி பஸ்ஸில் ஏறியிருந்து நித்திரை கொண்டு, நிலாவெளியில் இறங்குகிறவளுக்கு நிலாவெளிக்குப் பாதை தெரியும் என்று சொல்லலாமா? உப்புவெளியில் பஸ் பழுதாகி நின்றால் அவ்வளவுதான், றோட்டில் நிற்க வேண்டியதுதான். பேனை மூடி விழுந்த இடம் என் உப்புவெளி. முப்பது வருஷமாகச் சபைக்குப் பயம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் சபைக்கல்ல, மறதிக்கு. பிள்ளைகளுக்கு யாரோ எழுதின பேச்சைக் கையசைவோடு பாடமாக்கக் கொடுத்து, அதற்குப் பேச்சுப் போட்டி என்று பெயர் வைத்திருக்கிறோமே, அது பேச்சல்ல, ஒப்புவித்தல். இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

திருக்குறளில் 'அவை அஞ்சாமை' 73ஆம் அதிகாரம். சபைக்கு அஞ்சுகிறவன் கற்ற நூல், போர்க்களத்தில் பேடியின் கையிலிருக்கும் வாள் என்று அதில் ஒரு குறள் வரும். ரீச்சர்மார் அதைத்தான் தேடிப் பிடித்துச் சொல்லுவார்கள். அதற்கு முந்தின அதிகாரம் என்ன என்று ஒருவரும் சொன்னதில்லை. 72, 'அவை அறிதல்'. முதலில் முன்னாலிருக்கிறவர்கள் யார் என்று தெரிந்துகொள், பிறகு அஞ்சாமையைப் பற்றிக் கதைப்போம் என்ற அந்த ஒழுங்கை இந்த வயதில்தான் கவனித்தேன்.

மூன்றாம் நாளிலிருந்து எழுதுவதை விட்டேன். சொல்ல வேண்டியது ஐந்தே விஷயம். பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பால். சீம்பாலைப் பிழிந்து வெளியே ஊற்றாதே. ஆறு மாதம் வரைக்கும் தண்ணீரும் வேண்டாம். வேலைக்குப் போகும் தாய் பாலை எடுத்து வைக்கும் விதம். மாமியார், புருஷன், முதலாளி ஆகியோருக்குச் சில வார்த்தை. இந்த ஐந்தையும் ஒழுங்கு மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். மூன்றில் தொடங்கி ஐந்துக்குப் போய் ஒன்றுக்கு வருவது, நாலில் நிறுத்திவிட்டுக் கறிக்கு உப்புப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவது, மகளிடம் ஒரு நம்பர் சொல்லச் சொல்லி அங்கிருந்து தொடங்குவது. ஒருநாள் விடியக் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது கோட்டைக்குள் நின்ற மான்களுக்கு இரண்டாம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு மான் வாழைப்பழத்தோலைச் சப்பிக்கொண்டு கடைசிவரை கேட்டது. பரவாயில்லை, எங்கள் ரவுணில் சில கூட்டங்களுக்கு இவ்வளவு நல்ல சபை கிடைக்காது.

பிறகு மைக்செட் அண்ணை. அறுபது தாண்டிய மனிதர். கோயில் திருவிழா, கலியாணம், செத்தவீடு, தேர்தல் எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி கட்டியவர். மேடையில் பேசுகிறவனைப் பக்கவாட்டிலிருந்து நாற்பது வருஷம் பார்த்த கண். விழாவுக்கு முதல்நாள் மண்டபத்தில் வயர் இழுத்துக்கொண்டிருந்தவரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"தங்கச்சி, கை நடுங்காதவன் எண்டு ஒருத்தனையும் நான் காணேல்ல," என்றார். "பெரிய பெரிய ஆக்களுக்கும் நடுங்கும். கடதாசி காட்டிக் குடுக்கும். பெரிய தாளைப் பிடிச்சா முருங்கையிலை மாதிரி ஆடும். கலியாணக் காட் மாதிரித் தடிச்ச மட்டையில எழுதி வையுங்கோ, ஆடாது."

பிறகு ஸ்பீக்கரைக் காட்டினார். "உங்கட பயத்தில பாதி உதுதான். பழக்கமில்லாத ஆக்கள் தங்கட குரல் வெளியில இருந்து பிந்தி வாறதைக் கேட்டுத்தான் குழம்புறது. அந்தக் காலத்தில குழாயைக் கொண்டுபோய்த் தெருவோர மரத்தில கட்டுவம். பேசுறவன் ஒண்டு சொல்லுவான், அது தெருவில போய் முட்டித் திரும்பி வரும். புது ஆள் எண்டா உடன நாக்குச் சிக்கும்."

அவர் அனுபவத்தில் சொன்னது அப்படியே விஞ்ஞானம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீற்றர் போகும். எழுபது மீற்றர் தள்ளி ஒரு குழாய் கட்டினால் என் குரல் எனக்கு ஐந்தில் ஒரு விநாடி பிந்தி வரும். ஒருவரின் குரலை அந்தளவு பிந்தி அவர் காதுக்கே திருப்பிக் கொடுத்தால் நல்ல பேச்சாளருக்கும் சொல் இழுபடும், திக்கும் என்று 1950களிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். 1993இல் அந்த மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தில் இரண்டு குழாய் கட்டியிருந்தது. எல்லாப் பழியையும் வேப்பமரத்தில் போட முடியாதுதான். ஆனாலும் ஒரு பங்கு போடலாம்.

"அதுக்கு என்ன செய்யிறது அண்ணை?"

"நாளைக்கு ஆக்கள் வர முதல் வாங்கோ. மேடையில ஏறி நிண்டு என்னவாவது கதையுங்கோ. வீட்டு விலாசத்தைச் சொல்லுங்கோ, என்ன கறி எண்டு சொல்லுங்கோ. காது பழகோணும்."

அடுத்தநாள் காலை, வெறும் கதிரைகளுக்கு முன்னால் நின்று, சூடை மீனின் விலையை மைக்கில் சொன்னேன். மைக்கை என் உயரத்துக்குத் தணித்தும் தந்தார்.

இவ்வளவும் செய்தும் 124. அதைத்தான் முதலில் சொன்னேன். கச்சான் காற்று அனலாக அடிக்கிற நாளில் கை மட்டும் ஐஸ்பழம் மாதிரிக் குளிர்ந்திருந்தது, வாய் உலர்ந்திருந்தது, இரண்டு தடவை போய் வந்தும் மூத்திரம் முட்டிக்கொண்டிருந்தது. அட்ரினலின் இரத்தத்தில் கலந்தால் இப்படித்தான். தோலுக்குப் போகிற இரத்தத்தைக் குறைத்து, ஓடவோ அடிபடவோ கை கால் தசைக்கு அனுப்பும். உமிழ்நீரை நிறுத்தும். புலிக்குப் பொருத்தமான ஏற்பாடு, மகளிர் சங்கக் கூட்டத்துக்குக் கொஞ்சம் அதிகம். 'பயமாக இருக்கிறது' என்று சொல்லாமல் 'புளுகமாக இருக்கிறது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பாடினார்கள், நன்றாகப் பேசினார்கள் என்று 2014இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. எனக்கு நானே மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். பொய் சொல்லுகிறாய் என்று நெஞ்சு உடனே கண்டுபிடித்துவிட்டது.

உதவியது, நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற ஒன்று. நோக்கண்ட தாய்மாருக்கு, "மூச்சை இழுக்கிறதைப் பற்றி யோசிக்காதேங்கோ அம்மா, விடுறதை மட்டும் ஆறுதலா விடுங்கோ" என்பேன். மெதுவாக மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பும் தணியும், அது உடம்பின் அமைப்பு. இருபது வருஷம் மற்றவர்களுக்குச் சொன்னதை அன்றைக்குத்தான் எனக்குச் செய்தேன். திரும்ப எண்ணினபோது 108. வயிற்றுப் பிள்ளைக்கென்றால் டொக்டரைக் கூப்பிட்டிருப்பேன்.

பெயரைச் சொன்னார்கள். எழும்பினேன். சபையோருக்கு வணக்கம் சொன்னேன், அதிதிகளின் பட்டியலில் ஒருவரை விட்டுவிட்டேன் (இன்றுவரை அவர் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை). முதல் நிமிஷம் என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. மட்டை ஆடவில்லை, முழங்கால் ஆடியது, சேலை மறைத்தது. இரண்டாவது விஷயத்தின் நடுவில் ஒரு குழந்தை வீரிட்டு அழத் தொடங்கியது. வாய் நின்றுவிட்டது. அடுத்த வசனம் போய்விட்டது, அதே இடம், அதே சுண்ணாம்புச் சுவர். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், முதல் பிள்ளைக்காரி, வெட்கத்தில் குனிந்துகொண்டு வெளியே போக எழும்பினாள்.

"எங்க பிள்ளை போறீங்கள்? அவருக்குப் பசி. இருந்து பாலைக் குடுங்கோ. தாய்ப்பால் கூட்டத்தில தாய்ப்பால் குடுக்க வெளியில போறதே?"

நான்தான் சொன்னது. மைக்கில். யோசித்துச் சொன்னதல்ல, கிளினிக்கில் தினமும் வருகிற வாய். மண்டபம் சிரித்தது. பக்கத்திலிருந்த அக்கா தன் சேலைத் தலைப்பை எடுத்து அந்தப் பிள்ளைக்கு மறைப்புப் பிடித்தார். நிமிர்ந்து பார்த்தேன். நாலாம் வரிசையில் எடை குறைந்த பிள்ளைக்காக நான் வீடு வீடாக அலைந்த ஒருத்தி. கதவடியில் இரட்டைப் பிள்ளைக்காரி. சுவரோரம் என்னோடு ஒருகாலம் சண்டை பிடித்த ஒரு மாமியார். இந்த ஆட்களுக்கா நான் பயந்தது? இவர்களில் பாதிப்பேரின் வயிற்றில் காது வைத்துக் கேட்டவள் நான். விட்ட இடம் ஞாபகம் வரவில்லை. பரவாயில்லை என்று நாலாவது விஷயத்துக்குப் போனேன், பிறகு இரண்டுக்குத் திரும்பி வந்தேன். ஒருவருக்கும் தெரியாது.

உண்மையிலேயே ஒருவருக்கும் தெரியாது. மகள் போனில் எடுத்த வீடியோவை அன்று இரவு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். முழங்கால் நடுக்கம் இல்லை, உலர்ந்த வாய் இல்லை. கொஞ்சம் வேகமாகப் பேசுகிற ஒரு நடுத்தர வயது மனுசி, அவ்வளவுதான். உள்ளே நடக்கிற கூத்து வெளியே அப்படியே தெரிகிறது என்று பேசுகிறவர் நினைத்துக்கொள்வார், ஆனால் சபைக்கு அதில் கொஞ்சம்தான் தெரியும் என்பதை 2003இல் அமெரிக்காவில் இரண்டு பேர் பரிசோதித்து எழுதியிருக்கிறார்கள். அந்த விஷயத்தைப் பேசுவதற்கு முன்னரே சொல்லிவிட்டால் பேச்சே திருந்துகிறதாம். எனக்கு அது ஒருநாள் பிந்திக் கிடைத்தது.

கூட்டம் கலைந்து, கேக்கும் பற்றீசும் முடிந்து, மண்டபத்தில் கதிரை அடுக்குகிற சத்தம் மட்டும் இருந்தபோது மைக்செட் அண்ணை வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டு வந்தார். நல்லாயிருந்தது என்று சொல்லப்போகிறார் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"தங்கச்சி, நீங்கள் 'தாய்ப்பால், தாய்ப்பால்' எண்டு சொல்லுற நேரமெல்லாம் மைக்கில காத்து டப்பு டப்பெண்டு அடிச்சது. 'ப' வந்தா அப்பிடித்தான். அடுத்தமுறை மைக்கை வாய்க்கு நேர வைக்காமக் கொஞ்சம் சரிச்சு வையுங்கோ."

எந்தப் பக்கம் சரிக்க வேண்டும் என்று கேட்டேன்.